கதவுக்குள் நின்ற தண்ணீர்

ஒரு காலத்தில் தூத்துக்குடியில், உப்பளத்துக்குப் போகிற சாலையோரத்து வீடு ஒன்றின் வாசலில் ஒரு பழைய வெள்ளைக் கார் நின்றது. வெள்ளை என்று சொல்வது மரியாதைக்குத்தான். கடற்காற்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று பழுத்த பல்லின் நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தது.

அந்தக் காரின் முன்பக்கத்து இடது கதவில் ஒரு குடித்தனம் இருந்தது. நடுவில் கண்ணாடி. கண்ணாடிக்கு உட்புறம் ஒரு ரப்பர், வெளிப்புறம் ஒரு ரப்பர். இருவரும் சன்னல் விளிம்பில் நீள நெடுகப் படுத்துக் கண்ணாடியை இரு பக்கமும் ஒட்டிக் கிடப்பார்கள். இவர்கள் எல்லாரையும் சுமப்பது கதவின் இரும்புத் தகடு. அந்தத் தகட்டின் அடிவிளிம்பில், தரையைப் பார்த்தபடி, சுண்டுவிரல் நுழையாத இரண்டு துளைகள்.

இது வெளி ரப்பரின் கதை.

உள் ரப்பருக்கு நிழல் உண்டு. காரில் உட்காருகிறவர்களின் முழங்கை அதன்மேல் சாயும், அதுவும் அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு மெத்தென்று கிடக்கும். வெளி ரப்பருக்கு வெயில், மழை, உப்புத்தூசி. கண்ணாடி கீழே இறங்கும்போதெல்லாம் அதன் முகத்தைத் துடைத்துவிடுவது வெளி ரப்பரின் வேலை. துடைத்த அழுக்கு ரப்பரின் உதட்டிலேயே தங்கும். கண்ணாடியோ, பளிச்சென்று இருப்பது தன் பிறவிக் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, இன்னைக்கு என்னைக் கீறிட்டீரு" என்றது கண்ணாடி ஒருநாள்.

"கீறுனது நான் இல்ல வே. நீர் மூஞ்சியில வாங்கிட்டு வந்த மணல். தொடச்சா கீறத்தான் செய்யும். தொடைக்காம விட்டுரட்டுமா?"

"அப்படிச் சொல்லல. கொஞ்சம் மெதுவாத் தொடைக்கலாம்லா."

"மெதுவாத் தொடைக்கிறதுக்கு உதடு மெதுவா இருக்கணும். அது எந்தக் கோடையில போச்சுன்னு உமக்குத் தெரியாதா?"

கண்ணாடிக்குத் தெரியும். கதவில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கோடையைப் பற்றி வெளி ரப்பர் வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லிவிடும்.

அது அளத்துப் பெண்கள் கூலி கேட்டு, வேலைக்குப் போகாமல் வரப்பில் உட்கார்ந்த கோடை. காரின் தலையில் புனல் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. ஓட்டியவர் காரின் சொந்தக்காரர் பூலோகராஜ். பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி செல்லக்கனி. இருவரும் அளத்தில் பிறந்து, அளத்து உப்பில் கால் வெடித்து வளர்ந்தவர்கள். பேச்சைப் பெரிதாக்குகிற பெட்டி செல்லக்கனியின் காலடியில் இருக்கும். அதிலிருந்து கிளம்பிய ஒயர், திறந்த சன்னல் விளிம்பைத் தாண்டி மேலே போகும். பள்ளம் மேட்டில் கார் குதிக்கும்போது ஒயர் நழுவாமல் இருக்க, செல்லக்கனி தன் முழங்கையை அதன்மேல் ஊன்றிக்கொண்டுதான் பேசுவார். முழங்கைக்குக் கீழே ஒயர். ஒயருக்குக் கீழே வெளி ரப்பர்.

நாளெல்லாம் அந்த அழுத்தம். சாலையின் இரண்டு பக்கமும் உப்புக் குவியல் கண்ணைக் கூசவைக்கும். நிழல் என்று சொல்ல ஒரு முள்மரம் கிடையாது. செல்லக்கனி பேசப் பேச ஒயர் இலேசாக அதிரும். அந்த அதிர்வு முதலில் ரப்பருக்கு வரும், அதற்கப்புறம்தான் ஊருக்குப் போகும். அதனால் அந்தக் கோடையில் சொல்லப்பட்ட எல்லாவற்றையும் முதலில் கேட்டது தான்தான் என்று ரப்பர் நம்பியது. நம்பியதில் தப்பும் இல்லை.

பெண்கள் காரோடு கூடவே ஓடிவருவார்கள். சன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, கிழக்குப் பாத்திக்காரிகளையும் கூப்பிடுங்க, அவளுவளும் வாராளுவ" என்பார்கள். உப்பில் வெடித்த அந்த விரல்கள் பட்ட இடமெல்லாம் ரப்பருக்குப் பூரித்துப்போகும். அந்தக் கோடையில்தான் ரப்பர் காய்ந்தது. நடுவில் ஒயர் அழுத்திய இடத்தில் ஒரு குழி விழுந்தது. அந்தக் குழியைத் தழும்பு என்று யாராவது சொன்னால் ரப்பருக்குக் கோபம் வரும். பதக்கம் என்றுதான் அது சொல்லும்.

கோடை முடிகிற நேரத்தில் ஒருநாள் பெருமழை. ஓடி ஒதுங்க இடமில்லாமல் காருக்குள் புகுந்துகொண்ட பெண்களை எண்ண முடியாது, ஒருத்தி மடியில் இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி கையில் பச்சைப்பிள்ளை. கண்ணாடி மேலே ஏறிக்கொண்டது. வெளி ரப்பர் தன் உடம்பு முழுவதையும் கண்ணாடியோடு ஒட்டவைத்துக்கொண்டு மழையைத் தாங்கியது. உள்ளே பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை தூங்கியது.

"அன்னைக்கு ஒரு சொட்டு உள்ள வந்துச்சா? சொல்லும்" என்று ஒவ்வொரு தடவையும் ரப்பர் கேட்கும்.

"வரல அண்ணாச்சி" என்று கண்ணாடி ஒவ்வொரு தடவையும் சொல்லும்.

அப்போது கதவின் அடியிலிருந்து ஒரு முணுமுணுப்பு எழும்பும்.

"அங்க என்னலே சத்தம்?"

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி" என்பான் துளைகளில் மூத்தவன். "சொட்டிக்கிட்டு இருக்கோம்."

வெளி ரப்பருக்கு இந்தத் துளைகளைக் கண்டால் ஆகாது. மழை நின்று வெயில் அடித்த பிறகும் அவை சொட்டிக்கொண்டிருக்கும். கார் எங்கே நின்றாலும், யார் வீட்டு வாசல் என்று பார்க்காமல், அடியில் ஓர் ஈரக்கோடு போட்டுவைக்கும்.

"வீட்டு விஷயத்தை ரோட்டுல கொட்டுறதே உங்க பொழப்பாப் போச்சு" என்று ரப்பர் ஏசும். "மேல ஒருத்தன் மாரைக் குடுத்து நிக்கான். நாலு பேரு பாத்தா என்ன நெனைப்பான்? இந்தக் கதவு ஒழுகுதுன்னு நெனைப்பான்."

"நாங்க என்ன செய்ய அண்ணாச்சி? வாரதைத்தான வெளிய விடுதோம்."

"எங்கருந்து வருது?"

துளைகள் பேசாமல் இருந்துவிடும். அண்ணாச்சியின் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல அவற்றுக்கு மனம் வந்ததில்லை.

காலம் போயிற்று. ஒலிபெருக்கியைக் கழற்றிப் பரணில் போட்டார்கள். கார் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் வெளியே போனது. வெளி ரப்பரின் உதடு முதலில் வெடித்தது, பிறகு பிளந்தது, பிறகு அங்கங்கே பொடிந்து உதிர்ந்தது. அப்போதும் அது நேராகத்தான் படுத்திருந்தது.

ஓர் ஐப்பசியில் முதல் மழை பெய்து விட்ட காலையில் செல்லக்கனி கார்க் கதவைத் திறந்தார். இருக்கையில் கையை வைத்துப் பார்த்தார்.

"என்னங்க, சீட்டு நனைஞ்சு கெடக்கு. அளத்துல பொம்பளைங்க கூட்டம் வெச்சிருக்காங்க, பழைய கார்லதான் வரணும்னு சொல்லி அனுப்பிச்சிருக்காங்க. ஈரச் சேலையோட போய் எறங்கவா?"

"ரப்பர் போச்சு கனி" என்றார் பூலோகராஜ். "மதுரையில பழைய சாமான் கடையில சொல்லி வெச்சிருக்கேன். வரட்டும், நானே மாத்திருதேன்."

"நீங்களேவா?"

"ஏன், எனக்குக் கை இல்லியா?"

"கை இருக்கு. போன தடவை வைப்பரை மாத்துனீங்க. அது இன்னைக்கு வரைக்கும் மழையைப் பாத்தாத்தான் நிக்கி."

பூலோகராஜ் குனிந்து கதவின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். துளைகள் இரண்டும் சொட்டு சொட்டாய்த் தரையில் விட்டுக்கொண்டிருந்தன.

அளத்தில் பிறந்த மனிதருக்குக் கசிவைக் கண்டால் கை சும்மா இருக்காது. பாத்தியின் வரப்பில் நீர் கசிந்தால், கசிவது நீர் அல்ல, உப்பு. வெயிலில் நாள் கணக்காகக் காய்ந்து கனத்த நீர் ஒரு நண்டு வளை வழியாகப் போய்விடும். அதனால் கசிவைக் கண்ட இடத்தில் களிமண்ணை அப்பி மிதித்துவிட்டுத்தான் அங்கே மறுவேலை. பூலோகராஜ் எழுந்துபோய், கறுப்பும் வெள்ளையுமாகச் சேர்த்துப் பிசைகிற பசையைக் கொண்டுவந்தார். உருட்டினார். வரப்பை அடைக்கிற அதே கட்டைவிரலால் முதல் துளையை அடைத்தார்.

"அண்ணாச்சி" என்று இரண்டாவது துளை மேலே பார்த்துக் கூப்பிட்டது. "எங்க வாயை அடைக்காரு. ஒரு வார்த்தை நீங்க..."

கட்டைவிரல் அதன்மேலும் வந்தது.

"எப்பவோ செஞ்சிருக்க வேண்டியது" என்றது வெளி ரப்பர்.

மறுநாளும் மழை பெய்தது. விட்டதும் பூலோகராஜ் வெளியே வந்து காரின் அடியில் குனிந்து பார்த்தார். தரையில் ஈரக்கோடு இல்லை.

"கனி, இங்க வந்து பாரு. ஒரு சொட்டு இருக்கா?"

"சீட்டு நனைஞ்சுதான இருக்கு."

"அது மேல உள்ள கோளாறு. ரப்பர் வந்தா சரியாயிரும். கீழ உள்ளதை நான் நிறுத்திட்டேன்லா."

கதவில் அப்படி ஓர் அமைதி அதற்கு முன்பு இருந்ததே இல்லை. அமைதி என்றால் எல்லாருக்கும் பிடிக்கும். மேலே இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். வெளி ரப்பர் அந்த வாரம் முழுவதும் பழைய கோடையைக் குறுக்கே பேச ஆளில்லாமல் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, எனக்குக் கால் குளிருது" என்றது தகடு இடையில் ஒருதரம்.

"மழைக்காலம்னா குளிராம என்ன செய்யும்?"

சுமக்கிறவர்களுக்கு ஒரு தடவைக்குமேல் முறையிடுகிற பழக்கம் கிடையாது.

இன்னும் சில மழை பெய்தது. ஒரு சாயங்காலம் கதவின் அடியில் புதிதாக ஒரு குரல் கேட்டது. மிக மரியாதையான குரல்.

"கும்பிடுதேன் அண்ணாச்சி."

"யாரு வே நீரு?"

"நான்தான், துரு."

வெளி ரப்பருக்கு உடம்பு விறைத்தது. "நீ எப்படி உள்ள வந்த? என்னைத் தாண்டி ஒருத்தன் வர முடியாது."

"உம்மைத் தாண்டுற தைரியம் எனக்கு ஏது? நான் தண்ணிக்குப் பின்னால வாரவன். தண்ணி எங்க தங்குதோ அங்க பாயை விரிப்பேன். ஓடுற தண்ணியில எனக்குப் படுக்க வராது. இந்தக் கதவுல ரெண்டு சின்னப் பயலுவ இத்தனை வருஷமா என்னைக் காலூன்ற விடல. வந்ததைப் பூராவும் வெளிய தள்ளிக்கிட்டே இருந்தானுவ. இப்ப அவனுவ வாயை அடைச்சாச்சு. செஞ்ச கை நல்லா இருக்கணும்."

"எவ்வளவு தண்ணி நிக்கி?"

"நெறைய இல்ல. எனக்குப் போதும்."

"அது எப்படி உள்ள வந்துச்சு?"

"பெரியவங்க மனசு நோகும்படி நான் பேச மாட்டேன்" என்றது துரு. அதன்பிறகு சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் மட்டும் கேட்டது. தகட்டை யாரோ நகத்தால் சுரண்டுவது போல இருந்தது.

வெளி ரப்பர் தகட்டைக் கூப்பிட்டது. "தம்பி, தண்ணி எதுவரைக்கும் நிக்கி?"

"மொதல்ல அடி விளிம்போட நின்னுது. இப்ப கண்ணாடி முழுசா எறங்குனா அது காலும் நனையுது."

"ஏன் வே, நீரும் சொல்லல?" என்று ரப்பர் கண்ணாடியைக் கேட்டது.

"சொல்லணும்னுதான் இருந்தேன். நீர் அந்தக் கோடை மழையைச் சொல்லிக்கிட்டு இருந்தீரு. ஒரு சொட்டு உள்ள வரலன்னு சொல்லுதவர்கிட்ட, எனக்குக் கால் நனையுதுன்னு எப்படிச் சொல்ல?"

ரப்பரின் குரல் தணிந்தது.

"இந்த மழைக்காலம் பூராவும் இப்படியே நின்னா உனக்கு என்னலே ஆகும்?" என்று தகட்டைக் கேட்டது.

"உப்புக்காத்து ஊர் இது. தை பொறக்குறதுக்குள்ள என் அடி பொடிஞ்சு கொட்டிரும். அதுக்கப்புறம் கதவு கீல்ல நிக்காது. இந்தப் பழைய காருக்கு இப்ப யாரும் கதவு செய்யுததில்ல, அண்ணாச்சி."

ரப்பருக்குத் தான் போகப்போவது தெரியும். அதில் அதற்கு வருத்தம் இல்லை. உழைத்துத் தேய்ந்து போகிறவன் போகிற மாதிரி நேராகப் போய்விடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் இன்னும் சில நாளில் தன்னைப் பிடுங்கிப் போடுவார்கள், புதிய ரப்பர் வந்து உட்காரும், பூலோகராஜ் கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவார். அடைத்த துளையை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அந்தக் கோடை நடந்த கதவு துருவின் படுக்கையறையாகிவிடும். அதற்கு முன்பு துளைகளைத் திறந்தாக வேண்டும். தானோ சன்னல் விளிம்பில் படுத்திருப்பதைத் தவிர வேறொன்றும் அறியாத ரப்பர்.

மதுரையிலிருந்து ரப்பர் வந்துசேர்ந்த மறுநாள் காலை வெயில் அடித்தது. பூலோகராஜ் காரின் பக்கத்தில் சாக்கை விரித்தார். திருப்புளியின் முனையில் துணியைச் சுற்றிக்கொண்டார், பெயிண்டைச் சுரண்டக்கூடாது என்பதற்காக. செல்லக்கனி ஒரு பேசினில் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"இது எதுக்கு? எண்ணெயைத் தடவுனா வழுக்கிட்டு உள்ள போகும்லா" என்றார் பூலோகராஜ்.

"எண்ணெயைக் குடிச்சா ரப்பர் ஊதிரும். அப்புறம் கண்ணாடியைக் கவ்விக்கிட்டு ஏறவும் விடாது எறங்கவும் விடாது. நம்ம சங்கத்துல ரெண்டு பேரு அப்படி ஊதிப்போய் உக்காந்தது போதாதா?"

பூலோகராஜ் சிரித்துக்கொண்டே புதிய ரப்பர்களைச் சோப்புத் தண்ணீரில் போட்டார். கதவின் உள் அட்டையைக் கழற்ற அவருக்கு மனமில்லை. கழற்றினால் அதன் ஊக்குகள் உடையும், திரும்பக் கிடைக்காது. விளிம்பிலிருந்தே நெம்பி எடுத்துவிடலாம் என்று முடிவு செய்துகொண்டார். அதனால் கதவுக்குள் நிற்கிற தண்ணீர் அவர் கண்ணில் படவில்லை.

பேசினிலிருந்து புதிய வெளி ரப்பர் தலையை நீட்டிப் பார்த்தது. கன்னங்கரேலென்று, உதடு பூப்போல இருந்தது.

"யாருய்யா அந்தப் பெருசு? உதடே இல்லாம ஒண்ணு படுத்துக் கெடக்கே."

"நான்தாம்லே" என்றது பழையது. "உன் எடத்துல இப்ப இருக்கவன்."

"என் எடத்துலன்னு நீரே சொல்லிட்டீரு. எந்திரிச்சாத் தேவலை."

"எந்திரிக்கத்தான் போறேன். ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கோ. கீழ ரெண்டு பேரு இருக்கானுவ. அவனுவ வாயை அடைச்சு வெச்சிருக்கு. நீ உக்காந்ததும் அதைத் திறக்க வழி பாரு."

"அவனுக எதுக்கு?"

"உள்ள வார தண்ணியை வெளிய விடுததுக்கு."

"நான் ஏறுன பிறகு ஒரு சொட்டு உள்ள வராது."

பழைய ரப்பர் திடுக்கிட்டது. அந்த வார்த்தை, அந்த இழுப்பு, முடிவில் அந்த நிமிர்வு எல்லாமே அதற்குப் பழக்கமானவை.

"அப்படிச் சொல்லாதலே. எவன் உக்காந்தாலும் கொஞ்சம் வரும். கண்ணாடின்னு ஒண்ணு ஏறி எறங்குத வரைக்கும் வரும்."

"உமக்கு வந்துச்சு. அதனால உமக்கு அவனுக தேவைப்பட்டானுக. எனக்கு எதுக்கு? பழைய ஆளுங்க எல்லாரும் போகும்போது இப்படித்தான் எதையாவது சொல்லிப் பயங்காட்டிட்டுப் போறீக."

வேலையில் ஒருநாள்கூட நிற்காதவனிடம் வேலையைப் பற்றி என்னத்தைச் சொல்வது?

பூலோகராஜ் முதலில் உள் ரப்பரைத் தொட்டார். அது தொட்டதும் எழுந்து கையோடு வந்துவிட்டது. நிழலில் இருந்தவர்கள் எப்போதுமே அப்படித்தான், சுகமாக இருப்பார்கள், சுகமாகப் போவார்கள்.

அடுத்து திருப்புளி வெளி ரப்பரின் முனைக்குக் கீழே நுழைந்தது.

அந்த நேரத்தில் ரப்பருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. வரப்பில் உட்கார்ந்த பெண்களை அப்புறப்படுத்த ஆட்கள் வந்த நாள். செல்லக்கனியின் முழங்கை ஒயரின்மேல் இருக்க, ரப்பர் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண்கள் எதிர்த்து அடிக்கவில்லை, ஓடவில்லை. உடம்பைக் கனமாக்கிக்கொண்டார்கள். உப்புக் கூடை மாதிரி அப்படியே தரையோடு கனத்துவிட்டார்கள். ஒரு மெலிந்த பெண்ணைத் தூக்க நாலு ஆட்கள் தடுமாறினார்கள்.

ரப்பர் கனத்தது. உதடு போய், உடம்பு வெடித்து, உள்ளே ஓடுகிற இரும்பு நரம்பு ஒன்றுதான் அதற்கு மிச்சம். அந்த நரம்பால் விளிம்பைக் கவ்விக்கொண்டது.

"என்ன இவன், இப்படிப் பிடிச்சிருக்கான்" என்றார் பூலோகராஜ்.

"பழைய ஆளுல்லா. லேசுல விடுவானா?"

பூலோகராஜ் ஒரு காலைக் கதவில் ஊன்றிக்கொண்டு இழுத்தார். கதவு ஆடியது. ரப்பர் விடவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். கதவு முன்னும் பின்னும் அசைந்தது.

களக் என்று ஒரு சத்தம்.

செல்லக்கனி நிமிர்ந்தார். "இருங்க. இன்னொரு தடவை இழுங்க."

"நான் மூச்சு வாங்குதேன், உனக்கு வேடிக்கையா இருக்கா?"

"இழுங்கன்னா இழுங்க தோழர்."

தோழர் என்று அவர் கூப்பிடுவது கேலிக்கு, அல்லது கண்டிப்புக்கு. இது எது என்று தெரியாமல் பூலோகராஜ் இழுத்தார். ரப்பர் தன்னால் முடிந்த மட்டும் கனத்தது. கதவு குலுங்கியது. களக், களக்.

செல்லக்கனி கதவில் காதை வைத்தார். விரல் முட்டியால் மேலே தட்டினார், கணீரென்றது. கீழே தட்டினார், மொத்தென்றது.

"உள்ள தண்ணி நிக்கி."

"நிக்காது. நான்தான் அடைச்சிட்டேனே."

"எதை அடைச்சீங்க?"

பூலோகராஜ் குனிந்து காட்டினார். செல்லக்கனியும் குனிந்து பார்த்தார். கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்து, கல்லாய் இறுகிப்போன இரண்டு வில்லைகள்.

"கசிஞ்சுது, அடைச்சேன். வரப்புல கசிஞ்சா நீ அடைக்க மாட்டியா?"

"வரப்புல அடைச்சா உப்பு விளையும். கதவுல அடைச்சா என்னங்க விளையும்?"

பூலோகராஜ் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார்.

"அடியில சொட்டு நின்னுட்டுன்னு என்னைக் கூப்பிட்டுக் காட்டுனீங்க. நானும் பாத்துட்டுத்தான போனேன்" என்றார் செல்லக்கனி. "சத்தம் இல்லன்னா எல்லாம் சரியா இருக்குன்னு ஆயிருமா? நாம மைக்கைத் தூக்குறதுக்கு முந்தி அளம் எவ்வளவு அமைதியா இருந்துச்சு, நெனைச்சுப் பாருங்க."

பூலோகராஜுக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த வருத்தத்தை எங்காவது இறக்க வேண்டியிருந்ததால், இரண்டு கையாலும் ரப்பரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். இந்தத் தடவை ரப்பர் விட்டுக்கொடுத்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. ஒயர் அழுத்திய குழியில் அது இரண்டாக முறிந்தது. முறிந்த இடத்தில் இரும்பு நரம்பு விரல் நீளத்துக்குத் துருத்திக்கொண்டு நின்றது.

பேசினில் இருந்த புதிய ரப்பர் தலையைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டது.

"ஆணி ஏதாவது எடுத்துட்டு வாரேன்" என்று பூலோகராஜ் எழுந்தார்.

"இது போதும்" என்று செல்லக்கனி முறிந்த துண்டைக் கையில் எடுத்தார். சாக்கில் உட்கார்ந்து, உடம்பைச் சாய்த்து, நரம்பின் முனையைப் பசை வில்லையின் நடுவில் வைத்துக் குடைந்தார்.

எத்தனையோ வருஷம் ஒரே கதவில் இருந்தும் வெளி ரப்பர் துளையின் முகத்தை அப்போதுதான் பார்த்தது. விளிம்பெல்லாம் தேய்ந்து மினுங்கிக்கொண்டிருந்தது, ஓயாமல் வேலை செய்த இடம் மினுங்குகிற மாதிரி.

"தம்பி, வாயைத் திற" என்றது ரப்பர்.

"திறக்க முடியலியே அண்ணாச்சி" என்று உள்ளேயிருந்து அமுங்கிய குரல் வந்தது.

"நான் உள்ள வாரேன். கொஞ்சம் பொறுத்துக்கோ."

செல்லக்கனி உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். வில்லை விரிசல் விட்டது. இன்னொரு தட்டு. இரும்பு நரம்பு துளைக்குள் இறங்கியது. அடுத்த துளையையும் அதே போலக் குத்தித் திறந்தார்.

தண்ணீர் வந்தது. முதலில் செம்மண் நிறத்தில், துருவின் பாயும் படுக்கையுமாக வந்தது. செல்லக்கனியின் கை நனைந்தது, சாக்கு நனைந்தது. பூலோகராஜ் குனிந்து பார்த்தார். அது நிற்கும் நிற்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார், நிற்கவில்லை. வாசல் மண்ணில் ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டு சாலையைப் பார்த்து ஓடியது.

செல்லக்கனி ரப்பரைக் கீழே வைத்துவிட்டுச் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டார். "புதுசை எடுங்க, மாட்டுவோம்" என்றார்.

முறிந்த ரப்பர் அந்த ஓட்டத்தின் நடுவில் கிடந்தது. தண்ணீர் அதன்மேல் ஏறி இறங்கிப் போனது. அதில் உப்புத்தூசி இருந்தது, வேப்பஞ்சருகு இருந்தது, கண்ணாடியிலிருந்து தான் துடைத்துத் தள்ளிவிட்டதாக நம்பிய மணல் இருந்தது.

"இவ்வளவா?" என்றது ரப்பர்.

துளை தொண்டையைச் செருமிக்கொண்டது. முதன்முறையாக முகத்துக்கு நேரே பேசுகிற கூச்சம் அதற்கு இருந்தது.

"இது எங்க வாயை அடைச்சதுக்கு அப்புறம் வந்தது மட்டுந்தான், அண்ணாச்சி."